அக்காவின் நிறம்

அக்கா,

நேற்று மயூர் விஹாரில் நம் பிளாட்டுக்குக் கீழே இருக்கும் மருந்துக் கடையில் நின்றிருந்தேன். கல்லூரிப் பெண் ஒருத்தி கடைக்காரரிடம், "பய்யா, அந்த கோரா கிரீம்" என்று முகம் வெளுப்பதற்கான ட்யூபைத் தணிந்த குரலில் கேட்டாள். டாக்டர் சீட்டு எதுவும் கேட்காமல் அவர் எடுத்துக் கொடுத்தார். நீயும் அங்கேதான், அப்படித்தான் கேட்டாய். அவளிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

உன்னைப் பெண் பார்க்க நொய்டாவிலிருந்து வந்தார்களே, அந்த ஞாயிற்றுக்கிழமை. நீ பஜ்ஜித் தட்டோடு நின்றிருந்தாய். பிள்ளையின் அம்மா உன்னைத் தாண்டி என்னைப் பார்த்து, "சின்னவளுக்கும் பாக்கறீங்களா? நல்ல கலரா இருக்காளே" என்றார். நீ தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாய். எனக்கு வெட்கமாகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். முதலில் வந்தது வெட்கம் இல்லை, சந்தோஷம். அதை உன்னிடம் ஒப்புக்கொள்ளும் துணிவு எனக்குக் கடைசி வரை வரவில்லை.

மறுநாள் கிரீம் வாங்கினாய். இரண்டு மாதத்தில் முகம் வெளுத்தது. "பாருடி, ஆபீஸ்ல எல்லாரும் கேக்கறாங்க" என்று சிரித்தாய். பிறகு தோல் மெலிந்து சிவந்தது. வெயில் பட்டால் எரிந்தது. கிரீமை நிறுத்தினால் இன்னும் மோசமானது. ஊரே மாஸ்க்கைக் கழற்றிய பிறகும் நீ கழற்றவில்லை. இருபது பேரை வேலை வாங்கிய நீ, ஆளில்லாத மாடிப்படியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாய் என்பதை உன் தோழி சொல்லித்தான் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

மழைக்காலம் முடியும்போது உனக்குக் காய்ச்சல் வந்தது.

"டாக்டர்கிட்ட போலாம், வாக்கா."

"மாஸ்க்கை எடுக்கச் சொல்வாங்க. வெறும் ஜுரம்தானே, விடு."

மூன்று நாள் கெஞ்சினேன். இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். நான்காம் நாள் நீ குளியலறையில் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டெங்கு முற்றிவிட்டது என்றார்கள். மறுநாள் காலை நீ இல்லை.

காரியத்துக்குப் படம் வேண்டியிருந்தது. ஸ்டுடியோக்காரர் நாங்கள் கேட்காமலே உன்னை வெளுப்பாக்கிக் கொடுத்திருந்தார். திருப்பிக் கொடுக்கக் கிளம்பிய என்னை அம்மா தடுத்தாள்.

"இருக்கட்டும்டி. அவ ஆசைப்பட்டது இதுக்குத்தானே."

கூடத்தில் அந்தப் படம்தான் மாட்டியிருக்கிறது. தினமும் பூ வைக்கிறாள். அதில் இருப்பவளை எனக்குத் தெரியாது.

உன் பழைய ஆபீஸ் அடையாள அட்டை என் கைப்பையில் இருக்கிறது. கிரீமுக்கு முன்னால் எடுத்த படம். கறுப்பாக, நேராகப் பார்க்கிறாய். மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தால் எடுத்துப் பார்ப்பேன். அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை.