பொருள்: நிற்கும் எஞ்சினை அணைத்து வைத்தல் தொடர்பாக

ஜூன் 10

அனுப்புநர்: தலைமை ஆசிரியை, ரயில் பாதையோரத் தொடக்கப் பள்ளி.
பெறுநர்: போர்மேன், டீசல் எஞ்சின் ஷெட்.
பொருள்: பள்ளிச் சுவரை ஒட்டி நிற்கும் எஞ்சின்களை அணைத்து வைக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் பள்ளியின் பின்சுவருக்கும் தங்கள் ஷெட்டின் மூன்றாம் லைனுக்கும் இடையே இருபதடிகூட இல்லை. அடுத்த வண்டிக்காகக் காத்திருக்கும் எஞ்சின்கள் அந்த லைனில் ஓரடி நகராமல், மணிக்கணக்கில் ஓடியபடியே நிற்கின்றன. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வாரம் நேரம் குறித்தார்கள். திங்கட்கிழமை ஒரு எஞ்சின் காலை ஒன்பது பத்துக்கு வந்து பன்னிரண்டு நாற்பதுக்குப் போயிருக்கிறது. மற்ற நாட்களின் குறிப்பை இணைத்துள்ளேன். எண்ணெய் தடவி ஜன்னல் கம்பியில் கட்டிய துணி ஒன்றையும் இணைத்துள்ளேன். கட்டும்போது அது வெள்ளைத் துணி.

மூன்றாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். அதில் ஆறு பேருக்கு இளைப்பு. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் புகை. போன வாரம் வந்த கல்வி அதிகாரி, ஆகஸ்ட் முடிவதற்குள் இந்த நிலை மாறாவிட்டால் கட்டிடத்தை மூடிவிட்டு, பிள்ளைகளை ஊருக்கு அந்தப்புறம் இருக்கும் பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பப் போவதாகச் சொல்லிவிட்டார். சின்னப் பிள்ளைகள் தினமும் நாலு கிலோமீட்டர் நடக்க மாட்டார்கள். பாதிப் பேர் படிப்பை விட்டுவிடுவார்கள்.

நானும் தாங்களும் பேசி ஒன்பது வருடம் ஆகிறது என்பது இந்த விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதது. ஆகவே அதைப் பற்றி இக்கடிதத்தில் எதுவும் குறிப்பிடவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமை ஆசிரியை
(பள்ளி முத்திரையுடன்)


ஜூன் 13

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் அண்ணியும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று உன் முத்திரை எவ்வளவு அழுத்தமாக விழுந்திருக்கிறது என்பதிலிருந்தே தெரிகிறது.

உன் கடிதத்துக்கு எங்கள் எழுத்தர் பதிவு எண் போட்டு, கோப்பில் கோத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். கூடப் பிறந்தவளிடமிருந்து பதிவு எண்ணோடு கடிதம் வாங்கியவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அண்ணி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். மாதம் ஒரு முறை அவள் உன் வீட்டுக்கு வந்து போவது எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லிவிடாதே. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். எஞ்சின் என்பது ஸ்கூட்டர் இல்லை, அம்மா. பதினாறு சிலிண்டரைச் சுழற்றிக் கிளப்ப வேண்டும். கிளம்பாவிட்டால் பின்னால் நாற்பது பெட்டி நிற்கும், அதற்குப் பின்னால் இன்னும் நாலு வண்டி நிற்கும், டிரைவர் பதில் சொல்ல வேண்டும். அதனால் எவனும் அணைக்க மாட்டான். அப்பாவே சொல்வார் இல்லையா, "தூங்குற எஞ்சினை எழுப்புறதும் தூங்குற மாமியாரை எழுப்புறதும் ஒண்ணு"ன்னு. முப்பத்திரண்டு வருட டிரைவர் வேலையில் அவர் வழியில் எஞ்சினை அணைத்ததே இல்லை. அதை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

பிள்ளைகளுக்கு இளைப்பு என்பது கேட்க வருத்தமாகத்தான் இருக்கிறது. மூன்றாம் லைனில் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்


ஜூன் 17

ஐயா,

(அண்ணா என்று போடலாமா என்று யோசித்தேன். தள்ளி நிறுத்தியது ஆறடி என்று ஐந்தாம் வகுப்பு அளந்து சொன்ன பிறகு ஐயாவே போதும் என்று விட்டுவிட்டேன்.)

அப்பா பெயரை நீ இழுத்திருக்க வேண்டாம். இழுத்ததால் எழுதுகிறேன். கடைசி இரண்டு வருடம் அவர் படுத்தால் மூச்சு விட முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கினார். அவர் போன மறுவாரம் உன் வீட்டுக் கூடத்தில் நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். புகைதான் அப்பாவைக் கொன்றது என்றேன். நீ இலையிலிருந்து எழுந்து, "அந்தப் புகைதான்டி உனக்குச் சோறு போட்டுச்சு, உன்னைப் படிக்க வெச்சுச்சு"ன்னு கத்திவிட்டு வெளியே போனாய். வீட்டில் இருந்த அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். செத்தவர் பெருமையைக் கெடுக்கிறாளே என்ற பார்வை. அன்றைக்கு உன் வாசலை இறங்கியவள் இன்னும் ஏறவில்லை.

நீ சொன்னது பொய்யில்லை. அந்தச் சோற்றைத்தான் தின்றேன். அதற்காக முப்பத்தொரு பிள்ளைகள் இருமிக்கொண்டே வாய்ப்பாடு சொல்ல வேண்டுமா? மூன்றாம் வகுப்பில் ஒரு வாண்டு, சட்டைப் பையில் மூச்சு மருந்துக் குழலோடு வருவாள். நேற்று என்னிடம் கேட்டாள்: "டீச்சர், அந்த எஞ்சினுக்கு மட்டும் லீவே கிடையாதா?" கேள்வியை உனக்கே அனுப்புகிறேன். பதில் தெரிந்தால் எழுது.

ஒரே ஒரு வாரம் அணைத்து வைத்துப் பார்.

தலைமை ஆசிரியை


ஜூன் 29

அன்புத் தங்கைக்கு,

நீ கேட்டபடி அணைத்துப் பார்த்தேன். என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும். லெவல் கிராசிங்கில் மாட்டிக்கொண்ட கூட்டத்தில் உன் குடையையும் பார்த்தேன்.

இருபது நிமிடத்துக்கு மேல் நிற்கிற எஞ்சினை அணைக்க வேண்டும் என்று உத்தரவு எழுதி ஒட்டினேன். முதல் நாள் யாரும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் 'எட்டு நாட்ச்' என்கிற டிரைவர் மட்டும் அணைத்தான். எஞ்சினுக்கு நாட்ச், அதாவது வேகப்படி, எட்டுதான். இவன் முதல் ஏழையும் மதிப்பதே இல்லை, அதனால் அந்தப் பட்டப்பெயர். சரக்கு வண்டியோடு கிராசிங்கில் சிக்னலுக்காக நின்றபோது அணைத்த எஞ்சின் திரும்பக் கிளம்பவே இல்லை. மூன்று மணி நேரம். ஷெட் முழுக்க, "போர்மேன் தங்கச்சிக்காக எஞ்சினுக்குத் தாலாட்டுப் பாடிட்டாரு"ன்னு ஒரே சிரிப்பு. மேலதிகாரி விளக்கம் கேட்டு மெமோ கொடுத்துவிட்டார். உத்தரவைக் கிழித்துவிட்டேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம் அந்த எஞ்சினின் பேட்டரிப் பெட்டியை நானே திறந்தேன். உள்ளே தண்ணீர் வற்றித் தகடு வெளியே தெரிந்தது. பக்கத்து எஞ்சினைத் திறந்தேன். அதிலும் அப்படித்தான். பதினொரு எஞ்சினில் ஏழின் பேட்டரி எதற்கும் உதவாது.

பதிவேட்டில் மாதம் தவறாமல் "பேட்டரி நல்ல நிலை" என்று இருக்கிறது. கீழே என் கையெழுத்து. பொய் எழுதவில்லை, அளந்துதான் எழுதினோம். ஆனால் எஞ்சின் ஓடும்போதே அளந்தோம். ஓடுகிற எஞ்சின் பேட்டரிக்குத் தானே மின்சாரம் ஊட்டிக்கொண்டிருக்கும். அப்போது மீட்டர் முள்ளை வைத்தால் செத்த பேட்டரியும் நல்ல பேட்டரிதான். அளப்பதற்காக ஒரு முறையாவது அணைக்க வேண்டும் என்று என் ஷெட்டில் ஒருவனுக்கும் தோன்றவில்லை, என்னையும் சேர்த்து. பேட்டரியை நம்பாததால் எஞ்சினை அணைக்கவில்லை. அணைக்காததால் பேட்டரி கெட்டது தெரியவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகமே இருட்டு என்று நினைக்குமாம். நாங்கள் அத்தனை பேரும் அந்தப் பூனைதான்.

இதை எழுதிக் கொடுத்தால் புதுப் பேட்டரி வரும். அடுத்த மாதம் வரவேண்டிய என் பதவி உயர்வு வராது. எழுதாவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லத் தோன்றியது.

அண்ணன்


ஜூலை 2

அண்ணா,

குடை என்னுடையதுதான். பக்கத்தில் நின்ற ஒருவர் உன்னைத் திட்டினார். அவரை நான் திட்டினேன். உன்னைத் திட்டுகிற உரிமையை ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்துவிட முடியுமா?

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குப் பள்ளி வேண்டும். அதனால் நான் சொல்லும் யோசனை சுத்தமான யோசனையாக இருக்காது. தப்பு செய்தவன் தானே வந்து சொன்னால் அடிக்க மாட்டேன் என்று என் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன், இதுவரை அடித்ததும் இல்லை. உன் மேலதிகாரி எப்படியோ, எனக்குத் தெரியாது.

கல்வி அதிகாரி ஆகஸ்ட் முப்பதாம் தேதி வருகிறார். அண்ணி சரியாகச் சாப்பிடுவதில்லை, கவனி.

தங்கை


ஆகஸ்ட் 12

அன்புத் தங்கைக்கு,

எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலதிகாரி இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீங்க இதை எழுதலேன்னா யாருக்குமே தெரிஞ்சிருக்காதேய்யா"ன்னார். "அதுதான் சார் இத்தனை வருஷமா நடந்திருக்கு"ன்னேன். மனுஷன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப் போய்விட்டது. பேட்டரி பத்தே நாளில் வந்துவிட்டது.

இப்போது எஞ்சினை அணைத்து, ஒரு மணி நேரம் ஆற விட்டு, அதற்குப் பிறகுதான் முள்ளை வைக்கிறோம். பெட்டியைத் திறந்த கையோடு மற்றதையும் திறந்தோம். டீசல் பீச்சும் மூக்குகள் பலது சொட்டிக்கொண்டிருந்தன. சொட்டுகிற டீசல் பாதி வெந்தும் வேகாமலும் கரும்புகையாகப் போகும். அதையெல்லாம் கழற்றிச் சுத்தம் செய்து, தேறாததை மாற்றினோம். காற்று வடிகட்டிகளைத் தட்டியபோது வந்த தூசியில் ஒரு தொட்டிச் செடி வளர்க்கலாம். கட்டாயம் ஓடியே ஆகவேண்டிய நேரங்களில் பெரிய எஞ்சினுக்குப் பதிலாக வேலை செய்யச் சின்ன மோட்டார் ஒன்றை இரண்டு எஞ்சினில் பொருத்திப் பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. இருபது நிமிட உத்தரவையும் மறுபடி ஒட்டிவிட்டேன், இந்த மாதம் முழுக்கச் சோதனை. ஒரு எஞ்சின்கூட வழியில் படுக்காவிட்டால் உத்தரவு நிரந்தரமாகும்.

எட்டு நாட்ச் முதல் நாள் பொத்தானில் கை வைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடிவிட்டான். ஒரே அழுத்தில் கிளம்பியது. இறங்கி வந்து, "எனக்கு அப்பவே தெரியும்"னு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

இன்னொன்றும் எழுத வேண்டும். இதை மெமோவுக்குப் பதில் எழுதியதைவிடக் கஷ்டப்பட்டு எழுதுகிறேன். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சிகரெட் எத்தனை வருஷமா என்று கேட்டார். தொட்டதே இல்லை என்றேன். "அப்படின்னா வேலை செஞ்ச இடத்துப் புகைதான். நுரையீரல் பூரா அதுதான்"னு சொன்னார். டிரைவர் அறை பின்னால் இருக்க, எஞ்சினின் நீளப் பக்கம் முன்னால் போனால் புகை முழுக்க டிரைவர் முகத்துக்குத்தான் வரும். அவர் ஓட்டிய எஞ்சின்களைப் பழுது பார்த்து, நல்ல நிலை என்று அனுப்பி வைத்தவன் நான். நீ அன்றைக்குப் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததையே சொன்னாய். அதனால்தான் அப்படிக் கத்தினேன். நீ சொன்னது சரி என்று அந்தக் கூடத்தில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஒன்பது வருடமாக இல்லை.

அண்ணன்


ஆகஸ்ட் 25

அன்புத் தங்கைக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. கேட் கீப்பர் கையில் ஐந்தாம் வகுப்பின் குறிப்பு மட்டும் வருகிறது. புதன்கிழமை ஒரு எஞ்சின் இருபத்தேழு நிமிடம் ஓடியிருக்கிறது என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தார்கள். விசாரித்தேன். உண்மைதான். அந்த டிரைவரைக் கூப்பிட்டுப் பேசினேன். இதுவரை ஒரு எஞ்சினும் வழியில் நிற்கவில்லை.

நீ எழுதாதது நியாயம்தான். எழுதாவிட்டாலும் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


செப்டம்பர் 1

அண்ணா,

கல்வி அதிகாரி வந்து போனார். பள்ளி இங்கேயேதான் இருக்கும். இரண்டு மணி நேரம் மூன்றாம் வகுப்பில் ஜன்னலைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு எஞ்சின் வந்து நின்றது. ஐந்தாம் வகுப்பு வாசலில் வரிசையாக நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதினோராவது நிமிடம் அது அணைந்தது. ரயில் லைன் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. பக்கத்து வகுப்பில் ஒருவன் ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொல்வது அவருக்குத் தெளிவாகக் கேட்டுவிட்டது. அது ஒன்றுதான் குறையாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார். துணி இன்னும் வெள்ளையாக இல்லை, பழுப்புதான். அதையும் மறைக்காமல் காட்டினேன். இளைப்புக்காக லீவு போட்டவர்கள் போன மாதம் ஒருவர்தான்.

உன் பதவி உயர்வை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே நேரம் என் அண்ணன் என்று நாலு பேரிடம் சொல்லியும் விட்டேன்.

மற்ற விஷயத்துக்குப் பதில் எழுதி எழுதி ஏழு தாளைக் கிழித்தேன். இது எட்டாவது. ஒன்பது வருடமாக அப்பா படத்தைப் பார்க்கும்போதெல்லாம், வாய்க்கு வந்ததைச் சொல்லி அவர் பெருமையைக் கெடுத்துவிட்டோமோ என்று உள்ளுக்குள் செத்திருக்கிறேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பாரம் எனக்கு இருந்திருக்காது. தெரிந்துகொண்டே சும்மா இருந்தாய். இந்தக் கோபம் எனக்குப் போகவில்லை. போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். நீ தனியாக அதைச் சுமந்தாயே என்று அழுகையும் வருகிறது. இரண்டையும் ஒரே தாளில் எழுத எனக்கு வரவில்லை.

அதனால் இனிமேல் கடிதம் எழுத மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அண்ணியோடு என் வீட்டுக்கு வா. உன்னோடு நேரில் உட்கார்ந்து சண்டை போட வேண்டும். ஒன்பது வருடச் சண்டை, மத்தியானத்துக்குள் முடியாது. சாப்பாடு இங்கேதான்.

தங்கை