நீல உதடும் நாலாவது வரியும்

மார்ச் 3
எழுபத்தொரு வயதில் என் பெயரை நானே எழுதுகிறேன்: மிலிசாவ். நூலகத்து மாலை வகுப்புக்குப் போகத் தொடங்கி நாலு மாதம். மாவு மூட்டை, தீப்பெட்டி, எழுத்திருந்தால் எதையும் படிக்காமல் விடுவதில்லை. நான் தாத்தாவாகிப் பத்து நாள். பேரன் பெயர் ஸ்த்ராஹின்யா. அதை எழுதி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது. வீட்டுக்கு வந்த தாதி தந்த துண்டுத்தாளை மருமகள் யாகொதா படிக்காமலே மேசைக்குள் போட்டுவிட்டாள். இனி அது என் பாடம். தினம் ஒரு வரி.

மார்ச் 5
முதல் வரி: "உங்கள் குழந்தைக்கு வாழ்த்துகள்." எனக்கே சொன்னது போலிருந்தது.

மார்ச் 6
பக்கத்து வீட்டு ஸ்தமெனா வந்தாள். கண் படக்கூடாதென்று வழக்கம்போலத் திட்டித்தான் கொஞ்சினாள். "சீ, என்ன அசிங்கம். உதட்டப் பாரு, பிளம்பழம் மாதிரி நீலமா." எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

மார்ச் 7
மூன்றாவது வரி, பால் கொடுப்பது பற்றி. இவன் நாலு வாய் குடித்ததும் களைத்துத் தூங்குகிறான். நெற்றியெல்லாம் வேர்வை. அடுப்புச் சூடு என்கிறாள் யாகொதா.

மார்ச் 8
நாலாவது வரி நீளம். "உதடும் நாக்கும் நீலமாக இருந்தால், பால் குடிக்கும்போது வேர்த்து மூச்சு வாங்கினால், இதயத்தில் பிறவிக் குறை இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போங்கள்."
விரல் அங்கேயே நின்றுவிட்டது. தப்பாகப் படிக்கிறேனோ?
ஜன்னல் பக்கம் தூக்கிப் போய்ப் பார்த்தேன். நாக்கும் நீலம். ஸ்தமெனா திட்டவே இல்லை — கண்டதைத்தான் சொல்லியிருக்கிறாள்.
நாற்பது நாள் ஆகாமல் பிள்ளை வாசல் தாண்டக் கூடாது என்று சம்பந்தியம்மா குறுக்கே நின்றாள். "நேத்து எழுத்துக் கத்துக்கிட்டு இன்னிக்கு டாக்டரா?"
யாகொதாவிடம் தாளை நீட்டினேன். "நீ படிம்மா. நான் தப்பாப் படிச்சிருந்தா நல்லது."
படித்தாள். கம்பளியை எடுத்துப் பிள்ளையைச் சுற்றினாள்.

மார்ச் 9
நீஷ் நகரத்து ஆஸ்பத்திரி. இதயத்தில் ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியும் குறுகல். கொஞ்சம் வளர்ந்ததும் அறுவை செய்ய வேண்டுமாம். சம்பந்தியம்மா தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என்னிடம் தந்தாள்.

மார்ச் 10
எழுத வரவில்லை.

ஜூலை 21
பெல்கிராட். காலை எட்டுக்குப் பிள்ளையை அறுவைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். சுவரிலிருக்கும் பலகையெல்லாம் படித்தாயிற்று. மணி இரண்டு. இன்னும் கதவு — அய்யோ, ஏன் திறக்க மாட்டேங்கிறாங்க?

செப்டம்பர் 2
ஸ்தமெனா வந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பேரனை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் போய், உதட்டை விலக்கி, நாக்கு வரை பார்த்தாள்; நீலம் இல்லை. அதன் பிறகுதான், "சீ, என்ன அசிங்கம்" என்றாள்.
போகும்போது துண்டுத்தாளைக் கேட்டாள். அவள் மகளுக்கு இது ஒன்பதாம் மாதம். தாளைத் தர மனம் வரவில்லை. உட்கார்ந்து, நாலாவது வரியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.