சோதனைக்கு அனுப்பிய பக்கங்கள்

தாகேதா, யாங்கோன்
7 மார்ச் 2010

என் அருமைத் தம்பி டேனிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் அம்மா, அத்தான், நான் மூவரும் சுகம். கரண்டுக்குத்தான் உடம்பு சரியில்லை. ஒரு நாள் வந்தால் இரண்டு நாள் படுத்துக்கொள்கிறது.

உன் கடிதத்தை ஜெயம்மா அக்கா பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார். மகளைப் பார்க்க அவர் சிங்கப்பூருக்குப் போய் வருகிற வரை நமக்குத் தபால்காரன் தேவையில்லை. தபாலில் போட்டால் நமக்கு முன்னால் வேறு யாராவது படித்துவிடுகிறார்கள்.

ஐந்து நாட்டுப் பத்திரிகை முதலாளிகள் ஒன்றுகூடி, கையில் ஏந்திப் படிக்கிற கருவியில் எல்லாப் பத்திரிகையையும் ஒரே இடத்தில் விற்கப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். நல்ல காரியம். இங்கே லத்தா பேட்டையில் இரண்டு பத்திரிகைக்காரர்கள் ஒரே டீக்கடையில் உட்கார்ந்தால் ஒருவர் பாதி டீயில் எழுந்து போய்விடுவார். ஆறாவதாக எங்கள் பர்மிய வார இதழும் சேர வேண்டும் என்கிறாய். அத்தான் ஆசிரியர், நான் பக்கம் கட்டுகிறவள். இரண்டு பேருக்கும் சம்மதம்.

ஆனால் இங்கே காரியம் எப்படி நடக்கும் என்பதையே நீ மறந்துவிட்டாய். கட்டிய பக்கம் நேராக அச்சகத்துக்குப் போகாது. முதலில் தணிக்கை ஆபீசுக்குப் போகும். அங்கே சிவப்பு மையால் அடித்துத் தருவார்கள். அடித்த இடத்தை வெறுமையாகவும் விடக்கூடாது. எலுமிச்சம்பழத்தின் பயன்கள் என்று எதையாவது போட்டு நிரப்பி வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுப்போம். உனக்கும் அந்த வெள்ளிக்கிழமைப் பக்கம்தான். உன் முதலாளிகள் புதன்கிழமை வேண்டும் என்று குதித்தாலும் நடக்காது.

பர்மிய எழுத்து உன் கருவியில் கட்டம் கட்டமாக வருகிறது என்றாயே, அதைச் சோதிக்க நாலு பக்கம் இந்தப் பென் டிரைவில் இருக்கிறது. ஜெயம்மா அக்கா வாசலில் நிற்கிறார். அவசரத்தில் கைக்கு அகப்பட்ட இந்த வாரப் பக்கங்களையே போட்டுவிட்டேன். இவை இன்னும் சிவப்பு மையைப் பார்க்காதவை. எழுத்து சரியாக வருகிறதா என்று பார், உடனே அழித்துவிடு. வெளியே போகக் கூடாது.

டிசம்பரில் வருகிறேன் என்றாயாம். அம்மா இப்போதே முன் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் தேடுகிறாள். இந்த முறையும் ஏமாற்றினால் அம்மாவுக்கு நீயே பதில் சொல்லிக்கொள்.

உன் அக்கா
ஜூடித்


சிங்கப்பூர்
21 மார்ச் 2010

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத்து வந்துவிட்டது! ஒரு சுழி கூடக் குறையாமல் வந்துவிட்டது. கோபிக்காதே, ஐந்து முதலாளிகளுக்கும் காட்டினேன். மணிலாக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். அடுத்த மாதம் கருவி கடைக்கு வரும்போது உங்கள் இதழும் அதில் இருக்கும்.

அக்கா, தன்லியின் நகரத்து ஆலையில் பெண்கள் மயங்கி விழுந்ததைப் பற்றி அத்தான் எழுதிய கட்டுரையைப் படித்தேன். பூட்டிய கதவு, புகை, ஜன்னலை உடைத்த அந்தப் பெண். இதையா அடித்துவிட்டு எலுமிச்சம்பழம் போடுவார்கள்? எனக்கு ரத்தம் கொதிக்கிறது. எண்பத்தெட்டுப் போராட்டத்தில் நான் தெருவில் இறங்கியது இதற்காகத்தானே. நீங்கள் எல்லோரும் பழகிப்போய்விட்டீர்கள்.

அம்மாவிடம் சொல், டிசம்பர் நிச்சயம். டிக்கெட்டுக்குச் சொல்லிவைத்துவிட்டேன். அத்தானுக்கு என் அன்பு.

பாசமுள்ள தம்பி
டேனி


தாகேதா
25 ஏப்ரல் 2010

டேனி,

சுகம் விசாரிக்க எனக்குப் பொறுமையில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் உன் அத்தானைச் சோற்றுத் தட்டிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போய்விட்டார்கள். கை கழுவக்கூட விடவில்லை.

பர்கத்துல்லா பாய் சிங்கப்பூரிலிருந்து உங்கள் கருவியை வாங்கிவந்து, லத்தாவில் தன் கடையில் வைத்து நாலு பேருக்குக் காட்டியிருக்கிறார். "நம்ம கோ நெல்சன் பத்திரிகை பாருங்க, வெளிநாட்டுல வந்துருச்சு" என்று அத்தான் பெயரைச் சொல்லிச் சந்தோஷமாகத்தான் காட்டினார். பார்த்தவர்களில் ஒருவன் போய்ச் சொல்லிவிட்டான். இங்கே எலுமிச்சம்பழம் இருக்கிற இடத்தில் அங்கே அந்த ஆலைக் கட்டுரை!

அழித்துவிடு என்று தமிழில்தானே எழுதினேன்? எந்த வார்த்தை உனக்குப் புரியவில்லை? பழகிப்போய்விட்டோமாம். நீ போய் இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. அத்தனை வருஷமும், அடித்தது போக மிச்சத்தில் எதையாவது சொல்லிவிட முடியுமா என்று வாரா வாரம் பாடுபட்டவர் அவர். அதைப் பழக்கம் என்கிறாய்.

இரண்டு காரியம் செய். பக்கத்தை இன்றே எடு. சோதனைக்கு வந்த பக்கத்தை நாங்கள்தான் தவறாக வெளியிட்டோம், ஆசிரியருக்குத் தெரியாது என்று உன் கம்பெனித் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி ஜெயம்மா அக்காவிடம் கொடுத்தனுப்பு. அதைக் காட்டினால் விடுவார்கள் என்று வக்கீல் சொல்கிறார். அம்மாவிடம் அவர் மண்டலேக்குப் போயிருக்கிறார் என்று பொய் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஜூடித்


சிங்கப்பூர்
6 மே 2010

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் பார்த்து அழுதுவிட்டேன். நடந்தது இயந்திரக் கோளாறு. சோதனைப் பக்கங்கள் இருந்த இடத்திலிருந்து அதுவாகவே எடுத்துப் போட்டுவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை.

கம்பெனிக் கடிதம் கேட்டாய். ஐந்து முதலாளிகளும் சம்மதித்தால்தான் கடிதம் தர முடியும். ஒருவருடைய வக்கீல், தவறு என்று எழுதிக் கொடுக்கவே கூடாது என்கிறார். பேசிக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்தை இப்போது எடுத்தால் பயந்துவிட்டோம் என்று ஆகிவிடும், அக்கா. அத்தானின் படத்தை முகப்பில் போட்டிருக்கிறோம். எத்தனையோ ஊர்களிலிருந்து எழுதுகிறார்கள். உலகம் பார்க்கும்போது அவர்மேல் கை வைக்கமாட்டார்கள். தைரியமாக இரு. அவரை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

உன் தம்பி
டேனி


தாகேதா
23 மே 2010

டேனிக்கு,

இந்தக் கடிதத்தை ஜெயம்மா அக்காவிடம் கொடுக்கவில்லை. தபாலில் போடுகிறேன். பிரித்துப் படிக்கிறவர்கள் நன்றாகப் படிக்கட்டும். எனக்கு இனி மறைக்க ஒன்றுமில்லை.

போன வாரம் என்னையும் கூப்பிட்டார்கள். உங்கள் கருவியில் வந்த பக்கத்தை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தார்கள். கட்டுரைக்கு ஆங்கிலத் தலைப்பு, பக்கத்திலேயே ஆங்கிலத்தில் முழுக் கட்டுரை. கீழே, மொழிபெயர்ப்பு: டேனி சிங்கராயர். உன் இயந்திரம் உட்கார்ந்து மொழிபெயர்த்ததா டேனி? நம் அப்பா பெயரையும் அதுவே சேர்த்துக்கொண்டதா?

"இந்த டேனி சிங்கராயர் யாரு? ஒங்களுக்கு என்ன வேணும்?" அவர்களுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அத்தனை நாளும் உன் அத்தான், எனக்குத் தெரியாது என்ற ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டு உள்ளே இருந்திருக்கிறார். ஐந்து நிமிஷம் அவரைப் பார்க்க விட்டார்கள். இளைத்துப்போய், தாடியோடு, யாருடையதோ ஒரு லொன்ஜியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குனிந்து தமிழில் சொன்னார்: "நீ வாயத் தொறக்காத ஜூடித். தம்பி டிசம்பருக்கு வரணும்ல."

நான் வாயைத் திறந்தேன். என் கூடப்பிறந்த தம்பி, சிங்கப்பூரில் இருக்கிறான், சோதனைக்குக் கொடுத்ததை எங்களைக் கேட்காமல் வெளியிட்டான் என்று சொன்னேன். எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வியாழக்கிழமை அவரை விட்டார்கள். இதழுக்கு உரிமம் போய்விட்டது. உன் பெயர் விமான நிலையக் கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. டிசம்பருக்கு வராதே. வந்தாலும் உன்னை வீட்டுக்கு விடமாட்டார்கள்.

அம்மாவிடம் நானே சொன்னேன். "ஒன் புருசனுக்காக எம் புள்ளய வித்துட்டியாடி" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சுண்ணாம்பு அடித்த முன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறாள். உன் அத்தானும் நான் வைக்கிற சோற்றைத் தலை நிமிராமல் சாப்பிடுகிறார். உன்னைக் காட்டிக்கொடுத்ததற்கு இந்த வீட்டில் இரண்டு பேரும் என்மேல்தான் கோபமாக இருக்கிறார்கள். உன்மேல் ஒருவருக்கும் கோபமில்லை. உன் அதிர்ஷ்டம்.

எனக்கு இருக்கிறது. உயிர் உள்ளவரை இருக்கும். உன் வீரத்துக்கு நீ சிங்கப்பூரில் கைதட்டல் வாங்கினாய், அவர் இங்கே சிமெண்டுத் தரையில் படுத்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "அத்தான், போடட்டுமா?" என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாம்.

நேற்று அவரிடம் கேட்டேன், தம்பி அப்படிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று. தட்டிலிருந்து கையை எடுக்காமல், "போடுன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார்.

பதில் எழுதாதே.

ஜூடித் நெல்சன்