கண்ணை மூடினால் கால் எங்கே?

என்னங்க, நீங்களும் பாப்பாவும் சுகந்தானே? அத்தையின் இருமல் குறைந்ததா?

போன வாரம் நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்துப் படியில் கால் லேசாகச் சுளுக்கிக்கொண்டது. இப்போது வீக்கம் வடிந்துவிட்டது, கவலை வேண்டாம். பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா, "கண்ணை மூடிட்டு ஒத்தைக் கால்ல நில்லுங்க" என்றார். நல்ல காலில் நின்றேன். சுளுக்கிய காலில் நின்றதும் வெட்டிய வாழை போலச் சாய்ந்தேன்.

"கால் எந்தப் பக்கம் சாயுதுன்னு தசையிலயும் மூட்டுலயும் இருக்கற நரம்புதான் மூளைக்குச் சேதி சொல்லும். அடிபட்டதுல அது கொஞ்சம் மந்தமாயிடுச்சு. பழக்கினா சரியாயிடும்" என்றார்.

இத்தனை வருடமாக எனக்குள்ளேயே இப்படியொரு தூதன் ஓடிக்கொண்டிருந்தது தெரியவே தெரியாது! நீங்களும் நின்று பார்த்து எழுதுங்கள். பாப்பா பக்கத்தில் இருக்கட்டும்.

நேற்று விடுதி அறையில் பழகும்போது சாய்ந்தேன். உங்கள் தோள் என்று நினைத்துக் கை நீட்டினேன், அலமாரிதான் அகப்பட்டது.

வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது, ஓடுகிறேன். இல்லை இல்லை, நடந்தே போகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி