முதல் வாய்

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

இப்படித் திடீரென்று எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் லேத் பட்டறை விலாசத்தை அத்தையிடம் வாங்கி வைத்து வெகுநாளாகிறது. 'அப்பாவுக்கு' என்று எழுதியதும் பேனா நின்றுவிடும். அந்தச் சொல்லை எழுதிப் பழக்கமில்லை.

படிப்பை முடித்து ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருக்கிறேன். ஊர் ஊராகப் போய் மனிதர்களின் நாக்கைச் சோதிக்கும் வேலை. சிரிக்காதீர்கள். நகத்தளவு காகிதத் துண்டில் ஒரு மருந்தைத் தோய்த்துக் காயவைத்திருப்போம். நாக்கில் வைத்ததும் ஒருவர், "அடச்சீ, என்னம்மா இப்படிக் கசக்குது!" என்று துப்புவார். அவருடைய தம்பியே பக்கத்தில் நின்று, "வெறும் பேப்பர்ண்ணே, ரொம்ப நடிக்காதே" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அந்தக் கசப்பு தெரிவதும் தெரியாததும் பிறப்பிலேயே வருவது. நாட்டுக்கு நாடு அது மாறுகிறது. சில நாடுகளில் நூறு பேரில் மூன்று நான்கு பேருக்குத்தான் தெரியாது. நாங்கள் போன ஊர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தெரியவில்லை.

நாள் முழுக்க நின்றுகொண்டு "கசக்குதா, கசக்கலையா" என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் யாரிடமும் பேசப் பிடிப்பதில்லை.

அதே வகைக் கசப்பு முட்டைக்கோஸிலும் உண்டாம். அதைப் படித்த அன்று பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டில் கோஸ் வாங்குவதில்லை. ஏன் என்று அத்தை சொல்லியிருக்கிறாள். நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது ஒரு மத்தியானம் நீங்கள் கோஸ் பொரியல் வைத்த தட்டைத் தள்ளிவிட்டு, "என்னத்தடி கலந்தே இதுல?" என்று கேட்டீர்களாம். அம்மா அதே தட்டிலிருந்து அள்ளித் தின்று, "எனக்கு ஒண்ணும் கசக்கலையே, ஏன் இப்படிப் பழி போடறீங்க?" என்றாளாம். அவள் நடிக்கிறாள் என்று நீங்கள் நினைத்தீர்கள். விட்டுப்போகச் சாக்குத் தேடுகிறீர்கள் என்று அவள் நினைத்தாள். அதோடு நீங்கள் போய்விட்டீர்கள். அத்தை இன்றைக்கும் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

இத்துடன் இரண்டு காகிதத் துண்டுகள் வைத்திருக்கிறேன். குறியில்லாதது வெறும் காகிதம். நீலக் குறி போட்டதை நாக்கில் வைத்துப் பார்த்து எழுதுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே கொடுப்பதுதான், ஒன்றும் செய்யாது. உங்களிடம் கேட்க வேறொன்றும் இருக்கிறது. இப்போது வேண்டாம்.

உங்கள் மகள்

மார்ச் 15

என் மகளுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் வந்தது. "யாருண்ணே உங்களுக்குக்கூட லெட்டர் போடறது?" என்று பக்கத்து மிஷின்காரன் கேட்டான். "எம்பொண்ணு. பெரிய படிப்பு படிச்சவ" என்றேன். சொல்லிக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

வெறும் காகிதத்தில் ஒன்றுமில்லை. நீலத்தை வைத்ததும் குழாயடிக்கு ஓடித் துப்பினேன். கொப்பளித்துக் கொப்பளித்துப் பார்த்தும் கசப்பு போகவில்லை. 'இவளும் எதையோ கலந்து அனுப்பிட்டா' என்று ஒரு நிமிஷம் மனசில் ஓடிவிட்டது, மகளே. ஒன்றும் செய்யாது என்று நீ எழுதியிருந்ததைப் படித்த பிறகும் ஓடியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இன்றுவரை கோஸ் என்றால் தட்டில் ஒதுக்கிவிடுவேன். எந்தக் கடையில் யார் சமைத்தாலும் கசக்கத்தான் செய்தது. கடைக்காரன்மேல் ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை. அவள்மேல் மட்டும் வந்தது.

அவளுக்கு நிஜமாகவே தெரியாதா? வைத்துப் பார்த்தாயா? முட்டி தேய்ந்து, நின்று வேலை செய்வதே பெரும்பாடாக இருக்கிறது. இனித் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றும் இருக்கிறது. ஆனாலும் எழுது.

கேட்க வேண்டியதைக் கேள்.

அப்பா

ஏப்ரல் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை செய்கிறாள். வந்ததும் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருப்பாள். அந்த நேரம் பார்த்து நீலக் குறி போட்ட காகிதத் துண்டைக் கொடுத்தேன்.

"பேப்பரத் தின்னச் சொல்றதுக்கா இவ்வளவு படிச்சே?" என்று மென்று விழுங்கியேவிட்டாள். நானும் ஒன்றை வைத்துக்கொண்டேன். என் முகம் கோணியதைப் பார்த்து, "நடிக்காதடி" என்றாள். என் கண்ணில் தண்ணீர் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். இன்னொன்று கேட்டாள். அதையும் மென்றாள்.

"ஒண்ணுமே இல்லையேடி."

கோஸ் விஷயத்தையும் உங்கள் பதிலையும் அப்போதுதான் சொன்னேன். காய்ந்த துணிகளை இழுத்துப்போட்டு மடித்துக்கொண்டே இருந்தாள். "அப்போ அந்த மனுஷன் பொய் சொல்லலை" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "நானுந்தான் சொல்லலை" என்றாள்.

உங்களை வரச்சொல்லி அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேருமே களைத்துப்போயிருக்கிறீர்கள்.

நான் கேட்க நினைத்தது வேறு. அந்த மத்தியானத்துக்குப் பிறகு அம்மா யாருக்குப் பரிமாறினாலும் தட்டிலிருந்து முதல் வாயைத் தானே எடுத்துச் சாப்பிட்டுக் காட்டுவாள். எனக்குப் போட்டாலும் அப்படித்தான். எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம் என்று நினைத்திருந்தேன். கல்லூரி விடுதியில் முதல் நாள் சமையற்காரம்மா சோறு போட்டுவிட்டு நகர்ந்தபோது, அவர் ஒரு வாய் எடுக்கட்டும் என்று கையை மடியில் வைத்துக் காத்திருந்தேன். "என்னடி, சாமி கும்பிடறியா?" என்று தோழிகள் சிரித்தார்கள்.

காகிதத்தை வைத்துப் பார்த்த பிறகாவது அம்மா நிறுத்திவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். மறுநாளும் என் தட்டில் கைவைத்தாள்.

"அதான் தெரிஞ்சுபோச்சேம்மா?"

"உனக்குத் தெரிஞ்சுது. சொன்னவரு சொன்னது அப்படியேதானே கிடக்கு?"

நான் படித்தது எதுவும் அவள் கையை நிறுத்தவில்லை. அவளுக்கு உங்கள் கையெழுத்தில் ஒரு வரி எழுதுங்கள் அப்பா: அவள் எதையும் கலக்கவில்லை, முதல் வாயை இனி என்னையே சாப்பிடவிடலாம் என்று.

உங்கள் மகள்