அவன் தின்ற ரொட்டி

1931 ஏப்ரல் 27, திங்கள்

மழை. மைதானம் முழுக்கச் சேறு, பயிற்சி இல்லை. லாம்பியின் ரொட்டிக்கடைக்குப் போனேன். நல்ல காலில் மொத்தப் பாரத்தையும் போட்டு நின்றபடி மாவு பிசைந்துகொண்டிருந்தான். போன வருஷம் நாட்டின் முதல் கால்பந்து லீக் போட்டியில் எங்கள் கோர்ச்சா அணிக்கு முன்வரிசையில் ஓடியவன் என் தம்பி. ஷ்கோடர் ஊர் அணிக்காரன் பாஷ்க் ஒரே உதையில் அவன் முழங்காலை முடித்துவைத்தான். நடுவர் விசில்கூட ஊதவில்லை.

"ஞாயித்துக்கிழமை அந்த நாய் இங்க விளையாட வருதாமே, அண்ணே?"

"வரட்டும்."

"அவன் காலு?"

"எடுத்துர்றேன்டா."

வாக்குக் கொடுத்துவிட்டேன். சந்தோஷமாகத்தான் கொடுத்தேன்.

ஏப்ரல் 30

விளங்காத வேலை. வெளியூர் அணியை எங்கள் வீடுகளில்தான் தங்கவைக்கிறோம். யாருக்கு யார் என்று செயலாளர் திமோ தொப்பிக்குள் சீட்டுக் குலுக்கினார். எனக்கு வந்தவன் — பாஷ்க்!

"வேற ஆளை மாத்திக் குடுங்க" என்றேன்.

"விழுந்தது விழுந்ததுதான். விருந்தாளியைத் துரத்தின வீடுன்னு பேர் வாங்கப்போறியா?"

சரி, படுக்க இடம் கொடுப்பேன். ரொட்டி கிடையாது. என் வீட்டு ரொட்டியும் உப்பும் அவன் வயிற்றுக்குள் போய்விட்டால், அவன் எங்கள் ஊர் எல்லையைத் தாண்டும்வரை நான் அவனைத் தொட முடியாது. அடுத்தவன் தொடவும் விட முடியாது. தின்றவனும் ரொட்டி போட்டவனைத் தொடக் கூடாது. ஒலிம்பியிடம், "அவன் வெளியே சாப்பிட்டுக்கொள்வான்" என்று மட்டும் சொன்னேன். காரணம் கேட்டாள். பெண்டாட்டியிடம் இதையெல்லாமா விளக்குவது?

மே 2

விளக்கியிருக்க வேண்டும்! மடையன், மடையன்.

பயிற்சி முடிந்து வந்தால், என் மேசையில், என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். ரொட்டி பாதி காலி. அடுக்களைக்குள் போய்க் கத்தினேன். ஒலிம்பி விடவில்லை. "ரெண்டு நாளா லாரியில நனைஞ்சுக்கிட்டு வந்த மனுஷன். பட்டினி போடச் சொல்றீங்களா? ஏன்னு கேட்டேன்ல? வாயத் தொறந்தீங்களா?"

அவனோ சிரிக்கிறான். "உன் வீட்டு ரொட்டி நல்லாருக்கு, சோத்திர். உப்பும் சரியா இருக்கு."

தெரிந்துதான் தின்றிருக்கிறான். திருட்டுப் பயல்.

மே 3

தோற்றோம். 2–1.

இரண்டாம் பாதியில் சேற்றில் வழுக்கி என் முன்னால் விழுந்தான். கால் விறகுக்கட்டை மாதிரி கிடந்தது. என் பூட்ஸ் அதற்கு நேர் மேலே. கூட்டம் முழுக்க "மிதி! மிதி!" என்றது. எனக்கும் மிதிக்கத்தான் ஆசை. ஆனால் என் மேசையில் அவன் ரொட்டி பிய்த்தது கண்ணில் நின்றது. காலை இழுத்துக்கொண்டேன். எழுந்தான், ஓடினான், கோல் போட்டான். நன்றிகெட்டவன்.

சாயங்காலம் வாசலில் கூட்டம். "அவனை வெளிய அனுப்பு!" கதவை மறித்துக்கொண்டு நின்றேன். யாரைக் காப்பாற்ற? அவனை! எழுதும்போதே வாய் கசக்கிறது.

ஒரு கல் வந்து புருவத்தைக் கிழித்தது. எறிந்தவன் சுவரில் சாய்ந்து நின்றான். சாயாமல் அவனால் ரொம்ப நேரம் நிற்க முடியாது.

மே 4

வழக்கப்படி ஊர் எல்லைப் பாலம்வரை கொண்டுபோய் விட்டேன். "இதுக்கு மேல நீ எனக்கு யாரும் இல்ல" என்றேன்.

என் புருவத்தில் போட்டிருந்த கட்டைப் பார்த்தான். "அடுத்த ஆட்டம் எங்க ஊர்ல" என்றான். அவ்வளவுதான்.

லாம்பி கடைக்குள் விடவில்லை. "ஒரு துண்டு ரொட்டிக்கு என் காலை வித்துட்டியே!"

"அந்த ரொட்டியச் சுட்டது யாருடா?"

முகத்தில் அறைந்தாற்போலக் கதவைச் சாத்தினான்.

மே 11

கடை வழியே போனேன். லாம்பி முதுகைக் காட்டிக்கொண்டான்.

மே 18

ஒலிம்பிதான் போய் ரொட்டி வாங்கி வருகிறாள். லாம்பி என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

மே 28

நாளை ஷ்கோடருக்குப் புறப்பாடு. அங்கே நான் தங்கப்போவது பாஷ்க் வீட்டில். அவனே கேட்டு வாங்கினானாம்! என்ன திமிர்.

ராத்திரி லாம்பி வந்தான். புருவத் தழும்பைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். ஒரு பையை மேசைமேல் வைத்தான். உள்ளே நான்கு ரொட்டி, நன்றாகக் காயவைத்தது.

"அவன் வீட்டுல தண்ணியத் தவிர எதையும் வாயில வெக்காதே, அண்ணே. இந்தத் தடவை மிதிச்சிட்டு வா."

தலையாட்டினேன்.

மே 30, ஷ்கோடர்

பாஷ்க்கின் மனைவி ஏரி மீனும் ரொட்டியும் வைத்தாள். நான் பையை அவிழ்த்து என் ரொட்டியை எடுத்துக் கடித்தேன். கல் மாதிரி இருந்தது. அந்த அம்மாள் முகம் சுருங்கிவிட்டது. அதைப் பார்க்க எனக்கே கூச்சம்.

பாஷ்க் புரிந்துகொண்டான். "விவரமாத்தான் வந்திருக்க" என்று சிரித்தான். நான் தடுப்பதற்குள் கையை நீட்டி, என் ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான்.

பாவி! மறுபடியுமா!

"அன்னிக்குத் தின்ன அதே ருசி. யார் சுட்டது?"

"என் தம்பி. லாம்பி."

மெல்லுவதை நிறுத்திவிட்டான். துப்புவான் என்று நினைத்தேன். வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினான். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"அவன் காலு எப்படி இருக்கு?"

ஒரு வருஷத்துக்கு அப்புறம் கேட்கிறான்.

"நிக்கிறான். ஓட மாட்டான்."

மீனை என் பக்கம் நகர்த்தினான். நான் தொடவில்லை.

எந்த ஊரில் தின்றாலும் என் ரொட்டி என் ரொட்டிதான். நாளை மிதிக்க முடியாது. லாம்பியிடம் போய் என்ன சொல்வேன்? உன் ரொட்டிதான் இந்தத் தடவையும் அவனைக் காப்பாற்றியது என்றா?