எங்கள் தெருவில் இரண்டே பேர்

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

மூன்றாவது செமஸ்டர் தொடங்கியது. ‘நிறுவனத் தகவல் அமைப்புகளும் டேட்டா வேர்ஹவுஸும்’ என்று ஒரு பாடம். நிருபமா மேடம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்: “ஒரு நிறுவனத்துக்கு ஒரே ஒரு உண்மைதான் இருக்கணும். அஞ்சு ஃபைல்ல அஞ்சு உண்மை இருந்தா அது நிறுவனம் இல்ல, கல்யாண வீடு.” எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுதிக்கொண்டேன். பரீட்சைக்கு வருமா தெரியவில்லை.

ப்ராஜெக்டுக்கு இரண்டிரண்டு பேர். எனக்கு சாய்கிருஷ்ணா. மல்லேஸ்வரம். அவன் வீட்டில் முன்பு எல்லோரும் சர்க்கார் உத்தியோகம், இப்போது எல்லோரும் சாஃப்ட்வேர். என் வீட்டில் அப்பா ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு அபார்ட்மென்ட் கேட்டில் செக்யூரிட்டி. ப்ராஜெக்டுக்கு இடம் பிடிப்பது என் பொறுப்பு என்று தானாகவே முடிவாயிற்று. விவேக் நகர் பக்கம் ஒரு ட்ரஸ்ட் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. பிப்ரவரியில் எங்கள் தெருவில் கேம்ப் போட்டவர்கள். அங்கே கேட்கலாம்.

ஆகஸ்ட் 9, சனி

சும்மா வேலை செய்து தருகிறோம் என்றதும் உடனே சரி என்றார்கள்.

கவுன்டரில் பெர்னார்ட் அண்ணா, பதினெட்டு வருஷமாக. கவுன்டருக்கு ஒரு ஃபைல், கேம்ப்புக்கு ஒரு ஃபைல், ஆபரேஷனுக்கு ஒரு ஃபைல். ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. “ஒரே ஆளு நாலு கேம்ப்புக்கு வந்தா நாலு ஆளுமா. ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கே மறுபடி போன் போட்டு வான்னு கூப்டுவோம். திட்டுவாங்க.” காத்திருப்போர் பட்டியலில் 9,412 வரிகள். இதில் நிஜ மனிதர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். “அது ஏசுவுக்குத்தான் தெரியும்” என்றார்.

அதைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் ப்ராஜெக்ட்.

ஆகஸ்ட் 21, வியாழன்

அந்தப் பட்டியலில் அப்பாவும் ஒருவர். இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணில் நன்றாக முற்றியிருக்கிறது, முறை வரும்போது போன் செய்கிறோம் என்று கேம்ப்பில் சொன்னார்கள். ஆறு மாதம் ஆயிற்று. வண்டி நம்பர்களை நோட்டில் எழுதுவது அவர் வேலை. இப்போதெல்லாம் டிரைவரையே நம்பர் சொல்லச் சொல்கிறாராம். “மரியாதையா கேட்டா சொல்றாங்க” என்கிறார்.

கேம்ப் அன்று தெரு முழுவதற்கும் ஃபாரம் எழுதியது நான்தான். இருபத்தாறு பேர். யாருக்கும் பிறந்த தேதி தெரியாது. வயது கேட்டால், “அறுவது போடும்மா.” பள்ளிக்கூடத்தில் போடுவது போல எல்லோருக்கும் ஜூன் 1, 1965 என்று போட்டேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் இவர்கள் யாரும் எடுக்க மாட்டார்கள், அதனால் எல்லோருக்கும் என் நம்பர். அதற்கு எனக்கு மூன்று டீயும் ஒரு போண்டாவும் கிடைத்தது.

பெர்னார்ட் அண்ணாவிடம் அப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை. ப்ராஜெக்டைக் காட்டி சலுகை கேட்கக் கூடாது என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பெயரை நம்ப முடியாது. ஒரே ஆள் ஒரு ஃபைலில் அப்பா பெயரோடு, இன்னொன்றில் ஊர்ப் பெயரோடு, மூன்றாவதில் வீட்டில் கூப்பிடும் பெயரோடு இருக்கிறார். அதனால் பெயரையே விட்டுவிட்டு ஒரு விதி எழுதினேன். போன் நம்பர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா, இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள். கடைசியாகப் பதிவான வரியை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட வேண்டும்.

9,412 வரிகள் 6,870 ஆயின. “நாலே வரி கோட், ரக்ஷிதா! என்னமா இளைச்சுப் போச்சு பாரு” என்று சாய்கிருஷ்ணா சமோசா வாங்கித் தந்தான்.

திங்களிலிருந்து இந்தப் பட்டியலை வைத்துத்தான் போன் செய்யப் போகிறார்கள். பழைய ஃபைலும் இருக்கட்டுமா என்று பெர்னார்ட் அண்ணா கேட்டார். “ரெண்டு லிஸ்ட் இருந்தா குழப்பம்ணா” என்றேன். அவர் அழித்துவிட்டார். என் லேப்டாப்பில் பழையதன் நகல் ஒன்று இருக்கிறது.

செப்டம்பர் 15, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து போன். “கிருஷ்ணப்பாங்களா?” மூன்றாவது வீட்டு கிருஷ்ணப்பா, லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். ஓடிப் போய்ச் சொன்னேன்.

“எனக்கு?” என்றார் அப்பா.

“வரும்பா.”

“கேம்ப்புல அவன் எனக்குப் பின்னாடிதான நின்னான். கடைசி ஆளு அவன்.”

“கம்ப்யூட்டர்ல வரிசை வேற மாதிரிப்பா” என்றேன். பெரிய அறிவாளி.

செப்டம்பர் 24, புதன்

எங்கள் தெரு யசோதா அக்காவுக்கு போன் வந்தது. அப்பாவுக்கு வரவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

மேடம் ப்ராஜெக்டைப் பார்த்து, “இந்த வருஷம் இதான் பெஸ்ட்” என்றார். பதினேழாம் தேதி வைவா. ஒரு கம்பெனியிலிருந்தும் ஆட்கள் வந்து உட்காருவார்களாம், பிடித்தால் வேலை. எனக்கு அந்த வேலை வேண்டும். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அப்பாவின் இடது கண் சிவந்திருக்கிறது. தலைவலி. மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொள்கிறார். நேற்று நோட்டில் ஒரே நம்பரை மூன்று வண்டிக்கு எழுதியிருக்கிறார். மாதக் கடைசிக்குள் கண்ணைச் சரி பண்ணாவிட்டால் வேறு ஆள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். “அவன் சும்மா சொல்றான்” என்கிறார். சும்மா சொல்வது யார் என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 11, சனி

வைவாவில் காட்ட ஸ்க்ரீன்ஷாட் எடுக்கப் பட்டியலைத் திறந்தேன். சரி, அப்பா எத்தனையாவது என்று பார்ப்போமே என்று தேடினேன். முனியப்பன் — இல்லை. எல்லா விதமாகவும் போட்டுப் பார்த்தேன். இல்லை.

என் போன் நம்பரைப் போட்டேன். இரண்டு வரி வந்தது. கிருஷ்ணப்பா, ஆண். யசோதா, பெண். இருபத்தாறு பேர் இருக்கிற தெருவில் ஆணுக்கு ஒருவர், பெண்ணுக்கு ஒருவர்.

ஐயோ. நான்தான எழுதுனேன். ஃபாரமும் நான்தான் எழுதுனேன், அந்த ரூலும் நான்தான் எழுதுனேன். எல்லாருக்கும் ஒரே நம்பர், ஒரே தேதி போட்டது இந்தக் கைதான. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அத நெனச்சுப் பாத்தனா? சமோசா தின்னேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

இப்படி ஒரே நம்பரில் பலர் இருக்கிற தெருக்களையெல்லாம் தேடி எண்ணினேன். மொத்தம் 406 பேர் காணாமல் போயிருக்கிறார்கள்.

சாய்கிருஷ்ணாவுக்கு போன் செய்தேன். எத்தனை பேர் என்று இரண்டு முறை கேட்டான். பிறகு, “அஞ்சே நாள்தானே. வைவா முடியட்டும், சத்தமில்லாம சரி பண்ணிக் கொடுத்துடலாம்” என்றான். அவன் கெட்டவன் இல்லை. ஒரு நிமிஷம் எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அந்த ஒரு நிமிஷத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 13, திங்கள்

பெர்னார்ட் அண்ணாவிடம் போய்ச் சொன்னேன். பழைய நகலையும் கொடுத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அதான் க்யூ சின்னதாச்சா” என்றார். காத்திருப்போர் குறைந்ததற்காகப் போன வாரம் பெரிய டாக்டருக்கு ட்ரஸ்டில் சால்வை போர்த்தியிருக்கிறார்கள்.

பிப்ரவரி வரிசைப்படி எல்லோரையும் மறுபடி கூப்பிடுவார்கள். அப்போதுதான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன், கண் சிவந்திருப்பதையும். அவர் முகம் மாறிவிட்டது. “வலி இருக்கா? இத ஏம்மா மொதல்லயே சொல்லல? நாளைக்குக் காலைல கூட்டினு வா.”

கொள்கையாம் கொள்கை.

அக்டோபர் 14, செவ்வாய்

புரை முற்றிப்போய் உள்ளே அழுத்தம் ஏறி, நரம்பு கெட்டுவிட்டது. இடது கண்ணுக்கு இனி என்ன செய்தாலும் பார்வை வராது. வலது கண்ணை அடுத்த வாரம் செய்கிறார்கள். “ஒரு மாசம் முன்னாடி வந்திருக்கலாமே” என்றார் டாக்டர். அப்பா, “போன் வரல சார்” என்றார்.

கிருஷ்ணப்பாவுக்கு போன் வந்து இன்றோடு இருபத்தொன்பது நாள்.

அக்டோபர் 17, வெள்ளி

வைவா. 406 பேரைப் பற்றி நானே சொன்னேன். சாய்கிருஷ்ணா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த விதி யாருடையது என்று கம்பெனிக்காரர் கேட்டார். என்னுடையது என்றேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பா கண்ணைப் பற்றி நான் சொல்லவில்லை. அதை வைத்து மார்க் வாங்க இஷ்டமில்லை.

அக்டோபர் 29, புதன்

கம்பெனி வேலைக்கு எடுத்தவர்களின் பட்டியல் வந்தது. சாய்கிருஷ்ணா பெயர் இருக்கிறது, என் பெயர் இல்லை. மசால் தோசை வாங்கித் தந்தான். சாப்பிட்டேன்.

அப்பாவுக்கு வலது கண் நன்றாகத் தெரிகிறது. வேலை போகவில்லை, பின் கேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். குப்பை வண்டியும் தண்ணீர் டேங்கரும் மட்டும் வரும். நோட்டு கிடையாது. அதை அவர் இரண்டு முறை சொன்னார்.

தெருவில் பத்துப் பேருக்கு ஆபரேஷன் தேதி வந்துவிட்டது. எல்லோரும் எனக்கு நன்றி சொல்கிறார்கள். வெளியே போகவே பிடிக்கவில்லை.

நவம்பர் 19, புதன்

இன்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். டேட்டா வேர்ஹவுஸ் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. கடைசிவரை கேட்டார். “அப்ப எம் பேர எடுத்தது நீயா?” என்றார். ஆமாம் என்றேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

நவம்பர் 21, வெள்ளி

பேசவில்லை.

நவம்பர் 22, சனி

பேசவில்லை. எனக்கு டீ மட்டும் போட்டு வைத்திருந்தார். சர்க்கரை போடாமல்.

நவம்பர் 24, திங்கள்

காலையில் ஒன்றாகத்தான் கிளம்பினோம். அவர் முன்னால், நான் நாலடி பின்னால். மெயின் ரோட்டில் கடக்க நின்றார். வண்டிகள் விடுவதாக இல்லை. ஒரு பைக் இடது பக்கம் உரசினாற்போலப் போனது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. நான் ஓடிப்போய் அவர் வலது பக்கம் நின்று கையைப் பிடித்தேன்.

கையை விடுவித்துக்கொண்டார். “அந்தப் பக்கம் வந்து நில்லு” என்றார். “இந்தப் பக்கம் எனக்குத் தெரியுது.”

இடது பக்கம் போய் நின்றேன். கையைக் கொடுத்தார். கடந்தோம்.